வீட்டு உறுதியை அலுமாரியில் வையுங்கள்

போன கிழமை மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதியிலிருந்து ஒரு தாயும் மகனும் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் வாட்ஸப்பில், லண்டனில் இருக்கும் தாய்மாமன். மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு, ஒரு சி (திறமைச் சித்தி), இரண்டு எஸ் (சாதாரண சித்தி). கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் சிவில் இன்ஜினியரிங் டிகிரி, சாப்பாடு தங்குமிடத்தோடு முப்பது இலட்சம். தாயின் கைப்பைக்குள் வீட்டு உறுதிப் பத்திரம். ஈடு வைக்க எந்த வங்கி நல்லது என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

“பயப்படாதீங்க, ஒரு வழி இருக்கும்” என்று தொடங்கிய நான் உறுதியைக் கண்டதும் நிறுத்திவிட்டேன். அன்றைக்கு அவசரத்தில் சொன்னதை இப்போது ஆறுதலாக எழுதுகிறேன் அம்மா. லண்டனில் இருக்கும் உங்கள் அண்ணனுக்கும் அனுப்புங்கள்.

மட்டக்களப்பில் தாய்வீடு மகளுக்குப் போவதுதான் வழக்கம். தரம் 9இல் படிக்கிற உங்கள் மகளுக்கென்று ஊர் முழுக்க நினைத்து வைத்திருக்கிற வீடு அது. (சீதனம் சரியா பிழையா என்பது வேறு வழக்கு, அதில் நான் உங்களோடு ஒருநாள் முழுக்க வாதாடுவேன்.) அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை ஈடு வைக்க நான் வங்கி சொல்லமாட்டேன்.

கணக்கைப் பாருங்கள். 30 இலட்சத்தை 14 வீத வட்டியில் 10 வருடத்துக்கு எடுத்தால் மாதம் ஏறக்குறைய 46,600 ரூபா. மாறும் வட்டி என்று ஒப்பம் வைத்தீர்களோ, அந்தத் தொகையும் நிற்காது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. கடன் வட்டி 25 வீதத்துக்குப் போனால் இதே கடனுக்கு மாதம் 68,000 ரூபாவுக்கு மேல். உங்கள் ஒரு சம்பளத்தில் இதை எப்படிக் கட்டுவது என்று கேட்டேன். போனில் இருந்தவர் “மறுகா பார்க்கலாம்” என்றார்.

மகன் அந்த டிகிரியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அம்மம்மா வீட்டுக் குசினிக் கூரையை மாற்றிய கதையை மட்டும் விடாமல் சொன்னான். “மேசன் பாஸ் 14 பை சீமெந்து எழுதினார் சேர், 11தான் போனது.” கொப்பியையும் காட்டினான். ஓடு, சிலாகை, கூலி, மிஞ்சிய மணல் எல்லாம் திகதியோடு எழுதியிருந்தான். பத்தொன்பது வயதில் இந்தப் பழக்கம் உள்ள பிள்ளையை நான் அதிகம் காண்பதில்லை.

ஆசிரியர் வேலை, வங்கி, கட்டார், கனடா பற்றிச் சொல்ல உங்கள் தெருவிலேயே ஆட்கள் உண்டு. நான் ஒன்றைப்பற்றி மட்டும் சொல்கிறேன்: பழைய வீடுகளைத் திருத்தி வாடகைக்கு விட்டு, அந்தக் காசில் மெல்ல மெல்லச் சொந்தமாக வாங்குவது. இதைத் தொழில் என்று நம் ஆட்கள் எண்ணுவதில்லை, ‘காணி புரோக்கர்’ என்று சிரிப்பார்கள்.

முதலில் படிப்பு. மட்டக்களப்பிலோ சம்மாந்துறையிலோ தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டிட நிர்மாணம் அல்லது கியூ.எஸ். எனப்படும் கணிய அளவையியல் (கட்டிடத்துக்கான பொருளையும் செலவையும் கணக்கிடுவது) சார்ந்த பாடநெறிக்கு விண்ணப்பியுங்கள். என்.வி.கியூ. எனும் தேசியத் தொழில் தகைமையில் 5ஆம் மட்டம் தேசிய டிப்ளோமா, அதே ஏணியில் 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். சிவில்தான் வேண்டுமென்றால் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது, அது அரசுடையது. எதற்கும் உங்கள் உறுதி தேவைப்படாது.

படிக்கும்போதே ஒரு நல்ல மேசன் பாஸோடு சனி ஞாயிறு நிற்கட்டும். வீட்டை வெயிலில் பார்ப்பவன் ஏமாறுவான், மார்கழி மழையில் பார்க்கவேண்டும். வளவில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, கடல் மணலில் பூசிய சுவர் எங்கே உப்புப் பூத்து உதிர்கிறது, பிளேட்டுக்குள் (கொங்கிறீட் தட்டு) கம்பி துருவேறி வீங்கிக் கொங்கிறீட்டைத் தள்ளுகிறதா, சிலாகையில் கறையான் உண்டா. திருத்துவதற்கும் வரிசை உண்டு. கூரை, வடிகால், வயரிங், மலசலகூடம், கடைசியில்தான் பெயின்ட். பெயின்ட்டில் தொடங்குகிறவன் அடுத்த மாரிக்கு இன்னொருமுறை பெயின்ட் வாங்குவான்.

பிறகு கடதாசி. இந்தப் பக்கத்தில் பாதிச் சண்டை சுவரில் இல்லை, உறுதியில். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. சுனாமிக்குப் பிறகு கொடுத்த வீடென்றால் என்ன நிபந்தனையில் கொடுத்தார்கள் என்று பார்க்கவேண்டும். நாலு சகோதரரின் பிரிக்கப்படாத பங்கில் ஒருவர் ஒஸ்லோவில் இருந்தால் அவர் ஒப்பமும் வேண்டும். காணிப் பதிவகத்தில் முப்பது வருட உரித்து (காணி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது) தேடாமல் ஒரு ரூபாகூட முற்பணம் கொடுக்கக்கூடாது. சோலைவரி, மின்சார நிலுவையும் கேட்கவேண்டும். வாங்குகிற விலையோடு செலவு முடியாது. முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம் முத்திரை வரி, வாங்குபவர் தலையில். 40 இலட்ச வீட்டுக்கு 1,59,000 ரூபா, நொத்தாரிசின் கூலி வேறு.

இதற்கெல்லாம் பையனிடம் ஏது கைமுதல் என்று கேட்பீர்கள். முதல் ஐந்து வருடம் ஒன்றும் வாங்கவேண்டாம். மட்டக்களப்பு நகரில் கல்லடியிலும் புளியந்தீவிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பாருங்கள். வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டில், வீடு வௌவாலுக்கு. அவர்களோடு இப்படி ஒப்பந்தம் செய்யலாம்: திருத்தச் செலவு 9 இலட்சம் என்று வையுங்கள், வாடகை 25,000. அதில் 20,000 திருத்தியவருக்கு, 5,000 சொந்தக்காரருக்கு. வருடத்தில் பத்து மாதம் ஆள் இருந்தாலும் நாலரை வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும். உழைப்பும் இலாபமும் வேண்டுமென்றால் தவணையை ஏழு வருடமாக எழுதுங்கள். மருத்துவபீட மாணவர், மாற்றலாகி வரும் உத்தியோகத்தர், இவர்கள் நல்ல வாடகைக்காரர். அறுகம்பே சுற்றுலாக் காசைக் கண்டு அங்கே ஓடவேண்டாம், அது பருவத்தை நம்பிய வருமானம்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும். உறவினரோடு என்றால் இன்னும் கவனமாக எழுதவேண்டும்.

9 இலட்சம் எங்கே என்று அண்ணன் கேட்பார். கொழும்பு டிகிரியில் பாதிச் செலவைத் தான் ஏற்பதாக என் முன்னால் சொன்னவர் அவர். அதில் மூன்றில் இரண்டு போதும். அதைவிட முக்கியம், பதினொரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிற அவருடைய கல்லடி வீட்டின் திறப்பு. அது யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். இந்த மாரி முடியுமுன் உங்கள் மகன் ஒருதரம் உள்ளே போய்ப் பார்த்து, கொப்பியோடு என்னிடம் வரட்டும்.