அண்ணாச்சி பதில்கள்: லண்டன் பப்பும் நம்ம தெருவும்

கேள்வி: அண்ணாச்சி, மகன் லண்டன்ல வேலை பாக்கான். நாங்க போயிருந்தப்ப, ஞாயித்துக்கிழமை மதியம் பப்ல சாப்பிடுவோம்னு கூட்டிட்டுப் போனான், எனக்கு திக்குனு ஆயிட்டு. உள்ள பாத்தா பாட்டி, பேரப்பிள்ளை, நாய் எல்லாம் உக்காந்திருக்கு. அது சாராயக்கடைதானா, இல்ல வேற எதுவுமா?
— வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: திக்குனு ஆனதுல தப்பே இல்ல தங்கச்சி. டாஸ்மாக்கால அழிஞ்ச குடும்பத்த நாம தெருவுக்குத் தெரு பாத்திருக்கோம். அங்கயும் பியர்தான் விக்காங்க, குடிச்சுக் கெட்டவன் அங்கயும் உண்டு. ஆனா பழைய பப்புங்கறது அந்தத் தெருவுக்கே ஒரு பொதுத் திண்ணை மாதிரி. பொதுவா டேபிளுக்கு வந்து என்ன வேணும்னு கேக்க மாட்டாங்க, நாமளே கவுண்டருக்குப் போயி வாங்கணும், அங்க சாஞ்சு நிக்கும்போதுதான் முன்னப்பின்ன தெரியாதவன்கூட பேச்சு ஆரம்பிக்கும். நாலு பேர் சேந்து போனா ஆள் மாத்தி ஆள் எல்லாத்துக்கும் வாங்கிக் குடுப்பாங்க. வாசல்ல சிங்கம், கிரீடம்னு படம் போட்ட போர்டு தொங்கும்லா, பியர் விக்கவன் வாசல்ல போர்டு தொங்கவிடணும்னு 1393லயே இங்கிலாந்து ராஜா ரெண்டாம் ரிச்சர்ட் சட்டம் போட்டாரு. அதுல படம் போட்டா எழுதப்படிக்கத் தெரியாத சனத்துக்கும் புரியும்லா.

கார்ல்டன் டேவர்ன் கதையத்தான் நான் எல்லாருட்டயும் சொல்லுதேன். லண்டன் மைடா வேல் பகுதியில 1920-21ல கட்டுன பப், ரெண்டாம் உலகப்போர் குண்டுவீச்சுக்கே தப்பிச்சு நின்னது. இடத்த வாங்குன கம்பெனி ஃப்ளாட் கட்ட அனுமதி கேட்டுச்சு, நம்மூர் நகராட்சி மாதிரி அங்க இருக்க கவுன்சில் குடுக்கல. 2015 ஏப்ரல்ல, பாதுகாக்கப்பட்ட கட்டடம்னு அறிவிக்கப்போற நேரம் பாத்து, யார்ட்டயும் கேக்காம இடிச்சுத் தள்ளிட்டாங்க. ஆனா தெருக்காரங்களுக்கு முன்னாடியே சந்தேகம் இருந்திருக்கு, பாரம்பரியத் துறைக்காரங்கள வரவச்சு உள்ளயும் வெளியயும் போட்டோ எடுத்து, டைல்ஸுக்கு அச்சுகூட எடுத்து வச்சிருந்தாங்க. அதக் கையில வச்சுக்கிட்டுதான் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில், இருந்தது இருந்தபடியே திருப்பிக் கட்டுன்னு உத்தரவு போட்டுது, அப்பீல் போயும் மாறல. 2021 ஏப்ரல்ல அதே இடத்துல, அதே மாதிரி வெளிச்சுவர் டைல்ஸோட திறந்துட்டாங்க. இதப் படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

நம்ம பக்கமும் படித்துறை மண்டபம், பழைய வாசகசாலைன்னு சனம் உக்காந்து பேசுத இடம் எத்தனையோ கிடக்கு. உங்க ஊர்ல அப்படி ஒண்ணு இருந்தா இப்பவே நாலு பக்கமும் போட்டோ எடுத்து, பழைய பத்திரம், ரசீது ஏதாவது இருந்தா சேத்து வையுங்க. இடிச்சதுக்கப்புறம் எதக் காட்டிக் கேப்பீங்க?

கேள்வி: பப் மூடப்போறான்னா தெருக்காரங்களே வாங்கிக்கலாமாமே, நெசமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நெசந்தான் தம்பி. இங்கிலாந்துல 2011ல வந்த சட்டப்படி, இது எங்க ஊருக்கு வேண்டிய இடம்னு சனமே கவுன்சில்ல பதிவு பண்ணலாம். பதிஞ்சுட்டா, ஓனர் விக்கும்போது பணம் திரட்ட ஊர்க்காரங்களுக்கு ஆறு மாசம் வரைக்கும் டைம் கிடைக்கும். ஆனா அவங்களுக்குத்தான் விக்கணும்னு கட்டாயம் கிடையாது. இப்படி முதல்ல பதிவான பப் தெற்கு லண்டன் நன்ஹெட்ல இருக்க ஐவி ஹவுஸ், 2013ல அக்கம்பக்கத்துக்காரங்களே பங்கு போட்டு நடத்த ஆரம்பிச்சுட்டாங்க.