தொடர் கொலைகாரர்கள் பல வருடம் சிக்காமல் இருப்பது அவர்கள் மூளையாலா, போலீஸ் கோட்டை விடுவதாலா? சிக்கிய பிறகாவது கோர்ட், விசாரணை என்று இழுக்காமல் உடனே தூக்கில் போட்டால் என்ன?

இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். முதலாவதற்குச் சுருக்கமான பதில்: மூளைக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. இரண்டாவதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

நானும் ஒரு காலத்தில் இந்தக் கதைகளை ராத்திரி கண்விழித்துப் படித்தவன்தான். கொலைகாரன் சதுரங்கம் ஆடுகிறவன் மாதிரி பத்துக் காய் முன்னால் யோசிப்பான், போலீஸ் மூச்சு வாங்கப் பின்னால் ஓடும் என்ற எண்ணம் அப்படி ஊறிப்போனது. நிஜ வழக்குகளைப் படிக்க ஆரம்பித்த பிறகு அது கரைந்துவிட்டது. இங்கிலாந்தில் 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃப் லாரி ஓட்டியவன். அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் 49 கொலைகளுக்குத் தண்டனை பெற்ற கேரி ரிட்ஜ்வே லாரிகளுக்குப் பெயின்ட் அடித்தவன். 17 பேரைக் கொன்ற ஜெஃப்ரி டாமர் சாக்லேட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். பக்கத்து வீட்டில் இருந்தால் பெயர்கூட நமக்கு நினைவிருக்காது.

ரிட்ஜ்வே 2003-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது காரணத்தையும் தானே சொன்னான். பாலியல் தொழில் செய்யும் பெண்கள் காணாமல் போனால் உடனே யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள், ஒருவேளை கொடுக்கவே மாட்டார்கள், அதனால்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தேன் என்றான். இதில் என்ன மேதைமை இருக்கிறது? ஊர் யாரைக் கணக்கில் வைப்பதில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அது நமக்கும் தெரிந்ததுதான்.

(அவனை 1987-லேயே விசாரித்து எச்சில் மாதிரி எடுத்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பொருத்திப் பார்க்கும் அளவுக்குத் தொழில்நுட்பம் வளர்ந்து, 2001-இல்தான் பிடித்தார்கள். இந்த விஷயத்தில் போலீசைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 14 வருடம் அதைக் கெட்டுப்போகாமல் காப்பாற்றி வைத்ததே பெரிய காரியம்.)

கோட்டை விட்டதற்கு உதாரணம் வேண்டுமென்றால் சட்கிளிஃப் வழக்கைத்தான் சொல்வேன். 1975-இலிருந்து 1980 வரை வடக்கு இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியையே நடுங்க வைத்தவன். அந்த ஐந்து வருடத்தில் போலீஸ் அவனை ஒன்பது முறை விசாரித்தது. ஆமாம், ஒன்பது. ஒன்பது முறையும் விட்டுவிட்டது.

எப்படி? முதலில், இவன் பாலியல் தொழிலாளிகளை மட்டும்தான் தாக்குகிறான் என்று முடிவுகட்டிக்கொண்டார்கள். 1975-லேயே 14 வயதுப் பெண் ஒருத்தி சுத்தியலால் தாக்கப்பட்டு, பிழைத்து, தாடி வைத்த ஆளின் அடையாளத்தைத் தெளிவாகச் சொன்னாள். படமும் தயாரானது. ஆனால் அவள் பள்ளி மாணவி. அவர்கள் போட்டு வைத்திருந்த கணக்குக்குள் அவள் பொருந்தவில்லை. வழக்கோடு சேர்க்கவே இல்லை. 1979-இல் ஒரு போலீஸ் அதிகாரி வெளிப்படையாகவே பேசினார்: இதுவரை விலைமாதர்களைக் கொன்றான், இப்போது அப்பாவிப் பெண்களையும் கொல்கிறான் என்கிற ரீதியில். அப்படியானால் முன்பு செத்தவர்கள் யார்? 1981-இல் வழக்கு நடந்தபோது அரசுத் தரப்பில் வாதாடிய அட்டர்னி ஜெனரலே, செத்தவர்களில் சிலர் விலைமாதர்கள், ஆனால் சிலர் அப்படி இல்லை என்பதுதான் இதில் மிகச் சோகமான விஷயம் என்று நீதிமன்றத்தில் சொன்னார். அந்தக் காலத்துப் பேச்சுக்காக மேற்கு யார்க்‌ஷயர் போலீஸ் 2020-இல் மன்னிப்புக் கேட்டது. சட்கிளிஃப் சிறைவாசத்திலேயே செத்த பிறகு.

இரண்டாவது சறுக்கல் ஒரு ஒலிநாடா. 1979 ஜூனில் 'நான்தான் அவன்' என்று ஒரு குரல் பதிவு போலீசுக்கு வந்தது. பேச்சு சண்டர்லாந்து என்ற வேறு ஊர்ப் பக்கத்து வட்டாரப் பேச்சு. விசாரணைக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டு அதை அப்படியே நம்பினார். பிழைத்த பெண்கள் அவன் உள்ளூர்ப் பேச்சுதான் பேசினான் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நாடாவை ஆராய்ந்த பேச்சுமொழி வல்லுநர்களே இது ஏமாற்றாக இருக்கலாம் என்று எச்சரித்தார்கள். எடுபடவில்லை. சண்டர்லாந்துப் பேச்சு பேசாதவன் எல்லாம் சந்தேகத்திலிருந்து கழித்துவிடப்பட்டான். சட்கிளிஃபும் கழிந்தான். நாடா வந்த பிறகு அவன் இன்னும் மூன்று பெண்களைக் கொன்றான். நாடா அனுப்பியவன் வேலை வெட்டி இல்லாத ஒரு குடிகாரன். அவன் போலீசுக்குப் போட்ட பழைய கடிதம் ஒன்றின் உறைப் பசையில் இருந்த டிஎன்ஏ காட்டிக்கொடுத்து, 2006-இல் எட்டு வருடச் சிறை கிடைத்தது.

மூன்றாவது, காகிதம். எனக்கு மிகவும் பிடித்த, அல்லது மிகவும் எரிச்சலூட்டும், பகுதி இதுதான். எல்லாத் தகவலும் அட்டைகளில் கையால் எழுதி அடுக்கப்பட்டது. காகிதச் சுமை தாங்காமல் லீட்ஸ் காவல் நிலையத்தில் தரைக்கே முட்டுக் கொடுக்க வேண்டி வந்தது. 1979 ஜூலையில் சட்கிளிஃபை நேரில் விசாரித்த ஒரு இளம் துப்பறிவாளர், இந்த ஆள் மேல் எனக்குச் சந்தேகம் என்று எழுதிக் கொடுத்தார். அது கோப்பில் தூங்கியது. 1980 நவம்பரில் அவனுடைய நண்பனே பெயரைக் குறிப்பிட்டு மொட்டைக் கடிதம் போட்டான். அதற்கு அவசரம் என்று முத்திரைகூடக் குத்தினார்கள். முத்திரையோடு தட்டிலேயே கிடந்தது. கொலைகாரன் பெயர் போலீஸ் கட்டடத்துக்குள்ளேயே பல இடத்தில் இருந்தது, ஒரு அட்டையை இன்னொரு அட்டையோடு சேர்த்துப் பார்க்கத்தான் வழி இல்லை. இந்தச் சொதப்பலுக்குப் பிறகுதான் பிரிட்டன் போலீஸ் பெரிய வழக்குகளைக் கணினிக்கு மாற்றியது.

இனி சொந்த அனுபவம் ஒன்று. சில வருடம் முன்பு தெரிந்த குடும்பம் ஒன்றில் கல்லூரிப் பெண் வீடு திரும்பவில்லை. அவளுடைய அப்பாவோடு நானும் காவல் நிலையத்துக்குப் போனேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "யார்கூடவாவது போயிருக்கும் சார், ரெண்டு நாள் பாருங்க, தானா வந்துடும்" என்றார் அங்கிருந்தவர். எழுதிக் கொடுத்ததை வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டார். அந்த அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மதியம் அந்தப் பெண் தோழி வீட்டிலிருந்து வந்துவிட்டாள். வீட்டில் சண்டை, அவ்வளவுதான்.

ஆக, அந்தக் காவலர் சொன்னது பலித்துவிட்டது. சிக்கலே அங்கேதான். பெரும்பாலான நேரம் அவர் சொல்வது பலிக்கும். பலித்துப் பலித்து அது அனுபவம் என்று பெயர் வாங்கிவிடும். எந்த ஒரு தடவை பலிக்காமல் போகிறதோ, அந்தத் தடவைக்குள்தான் தொடர் கொலைகாரன் வருடக்கணக்காக வசதியாகக் குடியிருக்கிறான்.

டெல்லி பக்கத்து நொய்டாவின் நிதாரி கிராமம் நினைவிருக்கிறதா? 2005, 2006-இல் குழந்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனார்கள். பெற்றோர் எல்லாம் பிழைப்புத் தேடி வந்த கூலித் தொழிலாளிகள், வீட்டு வேலை செய்பவர்கள். காவல் நிலையத்தில் அவர்களுக்குக் கிடைத்ததும் அதே "ஓடிப்போயிருக்கும்" பதில்தான். 2006 டிசம்பர் கடைசியில் ஒரு பங்களாவின் பின்பக்கச் சாக்கடையில் எலும்புகள் கிடைத்தன. நாடு கொதித்தது. பங்களா உரிமையாளர் மொனிந்தர் சிங் பாந்தேரும், அங்கே வேலை செய்த சுரேந்தர் கோலியும் கைதானார்கள். 2007 ஜனவரியில் காஜியாபாத் நீதிமன்ற வளாகத்திலேயே வக்கீல்கள் அவர்களை அடித்தார்கள். வக்கீல்கள்! அன்றைக்கு எல்லாரும் கைதட்டினோம். நானும்தான்.

கோலிக்குப் பத்துக்கும் மேற்பட்ட வழக்குகளில் மரண தண்டனை விழுந்தது. 2014 செப்டம்பரில் மீரட் சிறையில் தூக்குக்கு ஏற்பாடு நடந்தது. உச்சநீதிமன்றம் நள்ளிரவு தாண்டி அதை நிறுத்திவைத்தது. கருணை மனுவில் ஏற்பட்ட தாமதத்தைக் காட்டி 2015-இல் அது ஆயுள் தண்டனையானது. அப்புறம் 2023 அக்டோபரில் அலகாபாத் உயர்நீதிமன்றம் அவரைப் பன்னிரண்டு வழக்குகளிலும், பாந்தேரை அவர் மேல் இருந்த வழக்குகளிலும் விடுதலை செய்தது. வாக்குமூலம் அறுபது நாள் போலீஸ் காவலுக்குப் பிறகு வாங்கியது, இடையில் மருத்துவப் பரிசோதனை இல்லை, வக்கீல் உதவி இல்லை, தடயம் எடுத்த விதமும் சட்டப்படி இல்லை என்று நீதிபதிகள் விசாரணையைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 2025 நவம்பரில் மிச்சமிருந்த கடைசி வழக்கிலும் உச்சநீதிமன்றம் கோலியை விடுவித்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 2014-இல் அந்த ராத்திரி உத்தரவு வராமல் போயிருந்தால்? நாம் நிம்மதியாகத் தூங்கியிருப்போம். அவ்வளவுதான் நடந்திருக்கும். இன்றைய நிலவரம் என்னவென்றால், அத்தனை குழந்தைகள் செத்திருக்கிறார்கள், குற்றவாளி என்று சட்டப்படி ஒருவரும் இல்லை. அந்தப் பெற்றோரிடம் போய் 'சட்டம் ஜெயித்தது' என்று யாராவது சொல்ல முடியுமா? நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களை ஏமாற்றியது கோர்ட் இல்லை. புகார் வாங்காத மேசையும், அவசரத்தில் பண்ணிய விசாரணையும்தான் ஏமாற்றின. கோர்ட் அதைப் பதினேழு வருடம் கழித்து வாய்விட்டுச் சொன்னது. அந்தத் தாமதம் தனிக் குற்றம், அதை நான் மறுக்கவில்லை.

தப்பான ஆளைத் தூக்கில் போட்டால் ஒரு உயிர் அநியாயமாகப் போகிறது என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். கூடவே கோப்பும் மூடப்பட்டுவிடுகிறது. லண்டனில் திமோதி எவான்ஸ் என்பவரைச் சொந்த மகளைக் கொன்றதாக 1950 மார்ச்சில் தூக்கில் போட்டார்கள். அவருக்கு எதிராக முக்கியச் சாட்சி சொன்னவன் அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. அந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு மனிதத் தொடை எலும்பு கொடிப்பந்தலுக்கு முட்டாக நட்டுவைக்கப்பட்டிருந்தது. சோதனைக்கு வந்த போலீஸ் கண்ணில் படவில்லை! கிறிஸ்டி அதற்குப் பிறகு தன் மனைவியையும் இன்னும் மூன்று பெண்களையும் கொன்றான். 1953-இல் வீட்டுச் சுவருக்குள் உடல்கள் கிடைத்த பிறகுதான் பிடிபட்டான். எவான்ஸுக்கு 1966-இல் மன்னிப்பு வழங்கினார்கள், செத்தவருக்கு. சோவியத் ஒன்றியத்தில் இதைவிட மோசம். 1978-இல் ஒரு சிறுமி கொலைக்காக அலெக்சாந்தர் கிராவ்சென்கோ என்பவரை 1983-இல் சுட்டுக் கொன்று வழக்கை முடித்தார்கள். அந்தக் கொலையைச் செய்தது நான்தான் என்று பின்னால் சொன்னவன், ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்று 1990-இல் பிடிபட்ட ஆந்த்ரேய் சிக்காத்திலோ.

சரி, பொதுமக்கள் கருத்து என்றாலே ரத்தவெறி என்றும் சொல்லிவிட முடியாது. 1991 மே மாதம் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 14 வயதுப் பையன் ஒருவன் ஆடையில்லாமல், நிலைதடுமாறி டாமரிடமிருந்து தப்பி வெளியே வந்தான். கறுப்பினப் பெண்கள் இருவர் போலீசைக் கூப்பிட்டார்கள். வந்த போலீஸ், 'வயசுக்கு வந்தவர்கள், காதலர் சண்டை' என்று டாமர் சொன்னதை நம்பிப் பையனை அவனிடமே கொண்டுபோய் விட்டது. டாமர் ஏற்கெனவே சிறுவன் ஒருவனைப் பாலியல் வன்முறை செய்து நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவன்; பெயரைச் சரிபார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தப் பெண்களில் ஒருத்தியின் தாய் போலீசுக்குத் திரும்பத் திரும்ப போன் செய்து, அவன் சின்னப் பையன், நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. பையன் அன்று இரவே கொல்லப்பட்டான். அடுத்த இரண்டு மாதத்துக்குள் இன்னும் நால்வர். வேலைநீக்கம் செய்யப்பட்ட அந்தக் காவலர்கள் கோர்ட்டுக்குப் போய் வேலையைத் திரும்ப வாங்கினார்கள். ஒருவர் பின்னாளில் காவலர் சங்கத் தலைவராகவும் ஆனார். தூக்கு தூக்கு என்று கத்துகிற கூட்டம் இந்த மாதிரி விஷயத்துக்குக் கத்தி நான் பார்த்ததில்லை.

சட்டத்தில் கொஞ்சம் முன்னேற்றம் உண்டு. குழந்தை காணவில்லை என்று புகார் வந்தாலே கடத்தல் என்று எடுத்துக்கொண்டு முதல் தகவல் அறிக்கை போட வேண்டும் என 2013-இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகுகிற பழக்கம் உத்தரவால் போய்விடுமா என்பது வேறு கதை.

சட்கிளிஃப் எப்படிப் பிடிபட்டான் என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே. ஒலிநாடாவாலும் இல்லை, அட்டைகளாலும் இல்லை. 1981 ஜனவரி 2 இரவு ஷெஃபீல்டில் ஒரு கார் நின்றிருந்தது, உள்ளே ஒரு ஆணும் பெண்ணும். ரோந்து வந்த சார்ஜென்ட் ராபர்ட் ரிங்கும் ஒரு பயிற்சிக் காவலரும் நம்பர் பிளேட் போலி என்று கண்டுபிடித்தார்கள். சிறுநீர் கழித்துவிட்டு வருகிறேன் என்று அந்த ஆள் இருட்டுக்குள் கொஞ்சம் ஒதுங்கி வந்தான். அப்புறம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் ராத்திரி டியூட்டிக்கு வந்த ரிங், அந்த ஆளை இன்னும் விசாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். நேற்று ஒதுங்கினானே, எதற்கு என்று உறுத்தியது. திரும்ப அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தார். சருகுகளுக்குள் ஒரு சுத்தியலும் கத்தியும் கிடந்தன. காரில் இருந்த அந்தப் பெண்ணும் பாலியல் தொழிலாளிதான்.