ஆதித்த கரிகாலன் கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு உண்டா?

சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்ட பின், அவனுடைய தம்பி அருள்மொழிக்கு (பின்னாளில் முதலாம் இராஜராஜன்) முன்பாக, சிற்றப்பன் முறையான உத்தம சோழன் அரியணை ஏறியதால் எழுந்த கேள்வி இது. கொன்றவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவர்களை யாரேனும் ஏவினார்களா என்பதற்குத்தான் சான்று இல்லை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால் உத்தம சோழன் மீதான வழக்கு பெரிதும் மெலிந்துவிடுகிறது.

நேரடிச் சான்று காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ளது. அங்குள்ள கல்வெட்டு இராஜகேசரி ஒருவரின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. (இராஜகேசரி, பரகேசரி என்பவை சோழ மன்னர்கள் மாறிமாறிச் சூடிய பட்டங்கள்.) அதனை, உத்தமன் பரகேசரி என்பதாலும், சுந்தர சோழனின் 2ஆம் ஆண்டு கொலைக்கு முந்தையது என்பதாலும், முதலாம் இராஜராஜனுடையதாகவே (ஏறத்தாழ கி.பி. 987) கொள்ள வேண்டும். 'பாண்டியன் தலைகொண்ட' கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரைச் சுட்டி, அவர்களுடைய உறவினரின் உடைமைகள் குறித்து வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த அரசாணையை அது பேசுகிறது. நோக்கத்தைப் பற்றியோ, கொலை நடந்த இடத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. (கொலை கடம்பூர் மாளிகையில் நடந்தது என்பது 'பொன்னியின் செல்வன்' புதினத்தின் கொடை.)

உத்தமனைச் சந்தேகித்தவர்களில் முதன்மையானவர் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார். உத்தமன் ஆண்ட ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் தண்டனைக்கான தடயம் இல்லை, இராஜராஜன் வந்தவுடன் நடவடிக்கை தெரிகிறது. சிற்றப்பன் (உத்தமன்) நாட்டை விரும்பும் வரை அருள்மொழி அதை மனத்தாலும் விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஐயம் எழுவது இயல்பே. ஆனால் அச்செப்பேடு கொலைக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து இராஜராஜனின் மகன் இராஜேந்திரனின் அவையில் எழுந்த புகழுரை. ஆதித்தன் வானுலகு காணும் விருப்பத்தால் மறைந்தான் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோகும் அது, அரியணை மீதிருந்த ஆசைக்குச் சான்றாகலாமே தவிர, கொலைக்குச் சான்றாகாது.

காலத்தாழ்வைப் பற்றிய வாதம்தான் கவனமாக எடைபோட வேண்டியது. கல்வெட்டில் வரும் உறவினர் பட்டியல் தாய்மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மக்களை மணந்தவர்கள் என்று விரிகிறது. குற்றவாளிகளை விட்டுவிட்டு எந்த அரசும் அவர்களுடைய மருமகன்மாரின் மனைகளிலிருந்து தொடங்காது என்பதால், இது விசாரணையின் தொடக்கமாக அன்றி, முன்பே தொடங்கிய ஒன்றின் கடைசிக் கட்டமாகவே எனக்குப் படுகிறது. வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தாரும் உத்தமனைக் குற்றவாளியாக ஏற்கவில்லை. இராஜராஜனின் நடத்தையும் அவருடைய கருத்தின் பக்கமே நிற்கிறது: தன் மகனுக்கு உத்தமனின் பெயரான மதுராந்தகன் என்பதையே இட்டான், உத்தமனின் மகன் கண்டராதித்தனைக் கோயில் நிர்வாகங்களை ஆராயும் பொறுப்பில் அமர்த்தினான், உத்தமனின் தாய் செம்பியன் மாதேவி அவன் ஆட்சியிலும் குன்றாத மதிப்போடு வாழ்ந்தார். அண்ணனைக் கொல்வித்தவனின் குடும்பத்தை ஒருவன் இப்படி நடத்துவானா?

பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலையை ஆதித்தன் கொய்ததற்குப் பாண்டியர் பக்கம் பழிவாங்கினார்கள் என்ற விளக்கம் எனக்குச் சற்று ஏற்புடையது. ஆயினும் அதற்கு ஆதரவாகக் காட்டப்படும் 'பஞ்சவன்' என்ற பட்டத்தை நான் சான்றாக ஏற்கமாட்டேன். பாண்டியரைக் குறிக்கும் அச்சொல்லைச் சோழர்களும் தயங்காமல் சூடினார்கள். இராஜராஜனின் தேவியருள் ஒருவர் பஞ்சவன் மாதேவி. மேலும், அதே பட்டியலில் இருமுடிச்சோழன் என்ற சோழப் பெயர் தாங்கிய அதிகாரியும் நிற்கிறார். எனவே பாண்டியப் பழி என்பதும் நோக்கம் பொருந்துகிற ஓர் ஊகம் மட்டுமே. உத்தமன் மீதான ஊகத்துக்கு எதிராக இருப்பவை போன்ற சான்றுகள் இதற்கு எதிராக இல்லை என்பதே இதன் ஒரே பலம்.