தங்கம் மலிந்துவிட்டதா?

ஐயா,

பாரிஸ் ஒலிம்பிக்கில் 329 தங்கம். போனவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். பின்னாலேயே நடந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் வீரர்கள் சுமார் 4,400 பேர்தான், தங்கமோ 549. நூறு மீட்டர் ஓட்டத்துக்கே பத்துக்கு மேல் தங்கம். இரக்கப்பட்டு ஆளுக்கொன்று கொடுப்பதுபோல் இல்லையா? இங்கே யாரிடமாவது கேட்டால் திட்டுவார்கள்.

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

திட்டமாட்டேன். கணக்கு சரிதான். ஆனால் இரக்கம் என்கிறீர்களே, அதை நான் வேறொரு இடத்தில் பார்த்தேன்.

சில வருஷங்களுக்கு முன் வேலூர்ப் பக்கம் ஒரு மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுப் போட்டி. நூறு மீட்டருக்கு எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டார்கள். முழங்கைக்குக் கீழே கை இல்லாத ஓர் இளைஞர் சிட்டாகப் பறந்தார். போலியோ காலைத் தொடையில் கையூன்றி ஊன்றி இழுத்து வந்த நாற்பது வயதுக்காரர் பாதி தூரம்கூட வரவில்லை, அதற்குள் பரிசுச் சீட்டில் பெயர் எழுதத் தொடங்கியாயிற்று. மைக்கில், “எல்லாரும் கைதட்டி உற்சாகப்படுத்துங்க!” தட்டினோம். வந்து சேர்ந்தவர் மூச்சிரைக்க, “சார், எனக்கு எத்தனை செகண்டு?” என்றார். ஸ்டாப்வாட்ச் எப்போதோ பைக்குள் போயிருந்தது.

குஸ்தியில் 57 கிலோக்காரரை 125 கிலோக்காரரோடு மோதவிட்டால் நீங்களே சண்டைக்குப் போவீர்கள். பாராலிம்பிக்கில் பாதிப்பைப் பார்த்துப் பிரிவு பிரித்து, பிரிவுக்கொரு தங்கம் கொடுப்பதும் அதே கதைதான், கொஞ்சம் சிக்கலானது.

இந்தப் போட்டிகள் பிறந்தது ஆஸ்பத்திரியில். முதுகுத்தண்டில் அடிபட்ட சிப்பாய்களுக்கு விளையாட்டையே வைத்தியமாகக் கொடுத்தவர் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை டாக்டர் லுட்விக் குட்மன். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அன்றே, அங்கே 16 பேர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அம்பு விட்டார்கள். (ஆஸ்பத்திரியிலிருந்து மைதானமா என்று வேலூர்க்காரர்கள் வியக்கத் தேவையில்லை. 1954 விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியில் 1966இல் வந்ததுதான் பாகாயம் மறுவாழ்வு மையம்.)

1960 ரோமில் நடந்த முதல் பாராலிம்பிக்கில் 23 நாடுகள், 400 பேர். எல்லோருக்கும் முதுகுத்தண்டுப் பாதிப்பு. 1976 டொரன்டோவில் கை, கால் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் சேர்ந்தார்கள். யாரை யாரோடு ஓடவிடுவது? ஒவ்வொரு பாதிப்புக்கும் தனிப்பிரிவு என்று டாக்டர்கள் பிரித்துக்கொண்டே போனதில், 1988 சியோலில் சுமார் 3,000 பேருக்கு எழுநூறுக்கும் மேல் தங்கம்! அப்போது எழுதியிருந்தால் உங்கள் கடிதத்துக்கு நான் தலையாட்டியிருப்பேன். பிறகுதான் நோயின் பெயரை விட்டுவிட்டு, அந்த ஆட்டத்தில் உடம்பு எவ்வளவு ஒத்துழைக்கிறது என்று பார்த்துப் பிரிவுகளைச் சேர்த்தார்கள். 2016 ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கிய நம் சேலத்து மாரியப்பன், காலில் குறைபாடு உள்ளவர்களுக்கான டி-42 பிரிவு. டோக்கியோவில் அவரும் செயற்கைக் கால் கட்டிய டி-63 பிரிவுக்காரர்களும் தாண்டியது ஒரே தங்கத்துக்கு. மாரியப்பனுக்கு வெள்ளி.

நீங்கள் சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. 2000 சிட்னியில் அறிவுசார் குறைபாடு பிரிவில் கூடைப்பந்துத் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியின் 12 பேரில் 10 பேருக்கு அந்தக் குறைபாடே இல்லை. பதக்கத்தைப் பறித்தார்கள். அதோடு விடவில்லை, அந்தப் பிரிவு முழுவதையும் நிறுத்திவைத்தார்கள். பொய் சொல்லாத மற்ற நாட்டுப் பிள்ளைகளும் 2012 லண்டன் வரை வெளியே நின்றார்கள்.