சிறைவாசிகளின் கல்விப் பின்னடைவு என்றால் என்ன?

பள்ளிப் படிப்பை முன்பே இழந்தவர்கள், சிறைக்குள் வந்த பிறகும் அதை ஈடுசெய்ய இயலாமல் இருப்பதே கல்விப் பின்னடைவு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, இந்தியச் சிறைவாசிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் எழுத்தறிவற்றவர்கள். வங்கியில் சலான் நிரப்பத் தெரியாமல் அருகில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பவரைப் போல, இவர்கள் தம் மீதான குற்றப்பத்திரிகையில் உள்ளதையே பிறர் வாசித்துச் சொல்லித்தான் அறிகிறார்கள். டெல்லியின் திகார் போன்ற சிறைகளில் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) படிப்பு மையங்கள் உண்டு. ஆயினும் சிறைவாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள் என்பதால், எப்போது விடுதலை, எப்போது வேறு சிறைக்கு மாற்றம் என்று தெரியாத நிலையில் பாடம் பாதியில் நின்றுவிடுகிறது. புத்தகப் பற்றாக்குறையைவிட இதுவே பெரிய தடை என்பேன்.

படிக்காதவர்களே அதிகம் குற்றம் செய்கிறார்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு: பிணை காட்டவும் வழக்கறிஞரை அமர்த்தவும் வசதியற்ற ஏழைகளுக்கே நெடுங்காலம் உள்ளே கிடக்க நேர்கிறது.