மின் கட்டணம் ஏறினால் தொழிற்சாலைகள் போட்டியில் பின்தங்கிவிடுமா?

எல்லாத் தொழிலுக்கும் ஒரே பதில் கிடையாது. ஆயத்த ஆடை தைக்கும் இடத்தில் துணியும் கூலியும்தான் பெரிய செலவு, கரண்ட் பில் அதற்குப் பக்கத்தில் சிறியது. கட்டணம் கொஞ்சம் ஏறினால் சமாளித்துவிடுவார்கள். அலுமினிய உருக்காலையின் கதை வேறு.

ஒரு டன் அலுமினியம் எடுக்க ஏறக்குறைய 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். யூனிட்டுக்கு ஒரே ஒரு அமெரிக்க சென்ட் கூடினாலும் டன்னுக்கு 140 டாலர் ஏறிவிடும். சரி, விலையை ஏற்றி விற்கலாமே என்றால் அதற்கு வழியில்லை, ஏனென்றால் உலகம் முழுக்க விலைபேசுவது லண்டன் உலோகச் சந்தை நிலவரத்தை வைத்துத்தான், உங்கள் ஊரில் கரண்ட் விலை என்ன என்று வாங்குபவர் கேட்கப்போவதில்லை. கொஞ்ச நாள் நிறுத்திவைப்பதும் லேசில்லை. சில மணி நேரம் மின்சாரம் போனாலே தொட்டியில் 950 டிகிரி சூட்டில் இருக்கும் குழம்பு இறுகத் தொடங்கும், முழுக்க உறைந்துவிட்டால் மறுபடி ஓட்டுவதற்குள் மாதக்கணக்கில் ஆகிவிடும்.

ஜப்பானைப் பாருங்கள். 1970-களில் ஆண்டுக்கு பத்து லட்சம் டன்னுக்கு மேல் அலுமினியம் உருக்கிய நாடு, எண்ணெய் எரித்து எடுத்த மின்சாரத்தை நம்பியிருந்தது. 1973, 1979 எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பிறகு ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. கம்பாரா ஆலை மட்டும் 2014 வரை தாக்குப்பிடித்தது, அதற்குச் சொந்தமாக நீர்மின் நிலையங்கள் இருந்ததால். ஆனால் ஜப்பானின் கார் தொழில் அதனால் சாகவில்லை. உலோகத்தை இறக்குமதி செய்து வேலையைத் தொடர்ந்தார்கள். அலுமினியத் தாதுவான பாக்சைட்டே இல்லாத ஐஸ்லாந்து, நீர்மின்சாரமும் புவிவெப்ப மின்சாரமும் மலிவு என்பதால் மூலப்பொருளைக் கப்பலில் வரவழைத்து உருக்குகிறது. ஆக, மின்விலை பெரும்பாலும் முடிவு செய்வது ஒரு பொருளின் எந்தக் கட்டம் எந்த நாட்டில் நடக்கும் என்பதை.

எனக்கு அதிகம் கவலை தருவது, உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றிப் பொருள் செய்யும் சின்ன வார்ப்பட ஆலைகள். ஒரு டன் இரும்பை மின் உலையில் உருக்க ஏறக்குறைய 600 யூனிட் போகும். பெரிய ஆலை மின் உற்பத்தியாளரோடு பத்து வருட ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும், இவர்களால் அது முடியாது. அப்புறம் உச்சத் தேவைக்கான கட்டணமான டிமாண்ட் சார்ஜ் வேறு: உலையும் கம்ப்ரஸரும் ஒரே நேரத்தில் ஓடி, ஒரு அரை மணி நேரத் தேவை உச்சத்துக்குப் போனால் போதும், அந்த மாத டிமாண்ட் சார்ஜ் அதை வைத்துத்தான் வரும். உலையை இரவு ஷிப்டுக்கு மாற்றினால் கொஞ்சம் குறையும், ஆனால் இரவில் வேலைக்கு ஆள் கிடைக்க வேண்டும். தொழில்துறைக்கு மின்சலுகை என்று பேசும்போது பெரிய ஆலைகளின் குரல்தான் முதலில் கேட்கிறது, இவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும்.