பின்சீட்டில் உட்காருபவரைக் கேட்டு பைக் வாங்குங்கள்

ஜோடியாக நெடுந்தூரம் போக எந்த பைக் வசதி என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஈரோட்டிலிருந்து: அண்ணா, நானும் மனைவியும் அடிக்கடி மலைப்பக்கம் போக ஆசை. மீட்டியோர் 350, கிளாசிக் 350, எதை எடுக்கலாம்? மனைவி ஐந்தடி உயரம்.

இரண்டும் ராயல் என்ஃபீல்டு பைக்குகள். இன்ஜினும் ஒன்றுதான், 349 சிசி. எடையும் ஏறக்குறைய ஒன்றே: மீட்டியோர் 191 கிலோ, கிளாசிக் 195. ஆகவே இழுவையைப் பற்றி யோசிக்க வேண்டாம், உட்காரும் விதத்தைப் பாருங்கள். மீட்டியோர் சீட் உயரம் 765 மிமீ, கிளாசிக் 805. ஆள் பின்னால் இருக்கும்போது சிக்னலில் இரண்டு காலையும் அழுத்தி ஊன்ற மீட்டியோர்தான் சுலபம். அதன் சூப்பர்நோவா மாடலில் பின்னால் சாய்மானமும் உண்டு. ஆனால் ஓட்டுபவர் காலை முன்னால் நீட்டி உட்காருவதால், பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக முதுகுத்தண்டுக்கு வரும். கிளாசிக்கில் கால் கீழே இருப்பதால் லேசாக எழும்பித் தப்பிக்கலாம். அதே கிளாசிக்கின் பின்சீட் கொஞ்சம் சின்னது.

முடிவை உங்கள் மனைவியிடமே விடுங்கள். ஷோரூமில் பைக்கை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அவரைப் பின்னால் உட்காரவைத்து, நீங்களும் முன்னால் ஏறிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் இறங்க வேண்டாம். ஃபுட்ரெஸ்ட்டில் கால் வைத்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே தூக்கி நிற்கிறதா? அப்படியென்றால் ஒரு மணி நேரத்தில் கால் மரத்துவிடும். உங்கள் முதுகுக்கும் அவருக்கும் நடுவே கொஞ்சமாவது இடம் இருக்கிறதா? கைப்பிடி கைக்கு எட்டுகிறதா? டெஸ்ட் ரைடையும் தனியாக ஓட்டாதீர்கள், அவரோடு நாலு வேகத்தடை ஏறி இறங்குங்கள். சேல்ஸ்மேன் அவசரப்படுத்துவார், கண்டுகொள்ளாதீர்கள்.

மதுரையிலிருந்து: பைக் எடுத்து ஒரு வருஷம் ஆகிறது. கொஞ்ச தூரத்திலேயே மனைவி "இடுப்பு போச்சு" என்கிறார். வண்டியையே மாற்றிவிடட்டுமா?

பொறுங்கள். பின்னால் உட்காருபவர் கிட்டத்தட்ட பின்சக்கரத்துக்கு மேலேயே இருக்கிறார். உங்களைத் தொட்டுவிட்டுப் போகும் குலுக்கல் அவரைத் தூக்கிப் போடும். பின் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். பல வண்டிகளில் அது ஒரு ஆள் எடைக்கே வைத்து வரும், நாமும் அதைத் தொடுவதே இல்லை. இரண்டு பேர் ஏறியதும் பின்பக்கம் அமுங்கி, ராத்திரியில் ஹெட்லைட் மரக்கிளையைப் பார்க்கிறதா? அதுதான் அடையாளம். டூல் கிட்டில் வரும் கொக்கி ஸ்பேனரால் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஓரிரண்டு படி ஏற்றுங்கள். நடுவில் ஒரே ஷாக் அப்சார்பர் இருக்கும் மோனோஷாக் என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

டயர் காற்றுக்கும் இதே கதைதான். இருவர் போகும்போது எவ்வளவு என்று வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ தனியாகப் போட்டிருக்கும். கிளம்பும் முன், டயர் சூடாகாதபோது பாருங்கள்.

இதெல்லாம் செய்தும் வலித்தால் குஷன் கடைக்குப் போங்கள். "நல்லா மெத்துனு வையுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். மெத்தென்ற ஃபோம் அரை மணியில் அமுங்கி, அடியிலிருக்கும் தகடு உறுத்த ஆரம்பிக்கும். கெட்டி ஃபோம் கேளுங்கள். பின்சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் அதையும் மட்டமாக்கச் சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: அம்மா சேலையில் ஒருபக்கமாகத்தான் உட்காருவார். அதற்கேற்ற டூரிங் பைக் உண்டா?

கடைத்தெருவுக்குச் சரி, நெடுந்தூரத்துக்கு வேண்டாம். எந்த பைக்கானாலும் ஒருபக்கமாக உட்கார்ந்தவருக்குத் திடீர் பிரேக்கில் பிடிமானம் கிடையாது. சுடிதார் போட்டு இருபக்கமும் கால் போடச் சம்மதித்தால் கூட்டிப்போங்கள். இல்லையென்றால் அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு நீங்கள் பின்னாலேயே போங்கள். சேடில் பேக் மாட்டுவதற்காகச் சேலை கார்டைக் கழற்றிவிடாதீர்கள். பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. துப்பட்டாவுக்கும் அது தேவை.

சேலத்திலிருந்து: கொல்லிமலைக்கு ஜோடியாகப் போக ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 சரியா, சுஸுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் சரியா?

இரண்டுமே மோசமான ரோட்டை நன்றாக விழுங்கும். ஹிமாலயனில் இரு சக்கரத்துக்கும் 200 மிமீ சஸ்பென்ஷன். சிக்கல் உயரத்தில். சீட் ஹிமாலயனில் 825 மிமீ, வி-ஸ்ட்ராமில் 835. நீங்கள் நுனிக்காலில் நின்றால், பின்னால் ஏறுபவர் ஒருபக்கம் சாய்ந்த நொடியில் வண்டியும் சாயும். நீங்கள் இரண்டு காலையும் ஊன்றி முன் பிரேக்கைப் பிடித்து, "ம், ஏறு" என்று சொன்ன பிறகே அவர் ஏற வேண்டும். ஆள் சுமந்து மலை ஏற 250 சிசி வி-ஸ்ட்ராமில் கியரை அடிக்கடி இறக்க வேண்டியிருக்கும், ஹிமாலயனில் அந்தத் தொல்லை குறைவு. வி-ஸ்ட்ராமுக்கு 167 கிலோ எடைதான் சாதகம், தள்ளவும் திருப்பவும் லேசு.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பின்னாலிருப்பவருக்குப் பாடு. ஒவ்வொரு பிரேக்குக்கும் வழுக்கி உங்கள் மேல் வந்து விழுவார். இரண்டாம் கியரில் இன்ஜினே பிடிக்கட்டும், வளைவுக்கு முன்பே பிரேக்கை மெதுவாக முடித்துவிடுங்கள். அவர் ஒரு கையை டேங்க்கில் ஊன்றிக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து: ஈசிஆரில் மனைவியோடு போக சூப்பர் மீட்டியோர் 650?

ரோடு நன்றாக இருக்கும்வரை சுகம். செலஸ்டியல் மாடலில் சாய்மானம், முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி எல்லாம் உண்டு. ஆனால் 241 கிலோ. சரிவான பார்க்கிங்கில் பின்னால் இழுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நீளமான சீட்தான் முக்கியம் என்றால் இன்டர்செப்டரையும் பாருங்கள்.

கோவையிலிருந்து: மூன்று வயது மகளையும் நடுவில் உட்கார வைக்கலாமா?

வேண்டாம். நாலு வயது வரையிலான குழந்தையோடு போனால் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. அது டூர் இல்லை. அன்றைக்குக் கார்.

நெல்லையிலிருந்து: டாப் பாக்ஸ் மாட்டினால் சாய்மானம் கிடைக்குமே?

கிடைக்கும், பலருக்கு அதனாலேயே பிடிக்கும். ஆனால் பாக்ஸ் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால், எடை ஏற ஏற முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். அதில் ரெயின்கோட், துணி மட்டும் போடுங்கள். தண்ணீர் பாட்டில், டூல்ஸ் எல்லாம் தாழ்வாக இருக்கும் பக்கப் பைகளில். பின்னால் உட்காருபவரின் முதுகு படும் இடத்தில் பேட் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், வெறும் பிளாஸ்டிக் என்றால் அடுத்த வேகத்தடையிலேயே உங்களுக்குத் திட்டு விழும்.